ரிசேர்ச்கேட்: ரெண்டு வருஷம் பாவிச்சவன் எழுதுற ரிவியூ

ஒரு ஆராய்ச்சிப் பேப்பர் வாசிக்க 35 டொலர் கேட்டுச்சு ஒரு ஜேர்னல் சைட். பன்னிரண்டு பக்கம். நான் போன்ல கணக்கு போட்டேன், டொலர் 300 இலங்கை ரூபான்னு வச்சாலும் பத்தாயிரத்து ஐநூறு. எங்க அம்மா கொழுந்து எடுக்குறாங்க, 2024 செப்டம்பர்ல கூட்டின பிறகு அப்ப சம்பளம் ஒரு நாளைக்கு 1350 ரூபா, ஆக அந்த பன்னிரண்டு பக்கத்துக்கு அம்மா எட்டு பேரு, அதாவது எட்டு முழு நாள் வேலை, போடணும், அரைப்பேரு விழாம மழை வராம எட்டு நாள். அதுலயும் தமாசு என்னன்னா அந்த பேப்பர் எழுதினதே தேயிலையைப் பத்தித்தான்.

அன்னைக்குத்தான் ஆராய்ச்சிக்காரங்க பேப்பர் பகிர்ந்துக்குற ரிசேர்ச்கேட்ன்ற சைட்ல எக்கவுண்ட் தொறந்தேன். இப்ப நம்ம பக்கத்து பிள்ளைங்க கொஞ்சப் பேரு எம்எஸ்சி எம்பில்ன்னு பதிஞ்சிட்டு "அண்ணே அதுல சேந்தா என்ன பிரயோசனம், சும்மா டைம்பாஸா"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா வட்ஸ்அப்ல வொய்ஸ் போட்டு தொண்டை கட்டிப்போச்சு, அதான் ஒரேயடியா எழுதிப் போடுறேன், இனி யாரு கேட்டாலும் லிங்க்தான்.

நான் யாருன்னா, இலங்கையில பசறைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம், லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, பொறந்து வளந்தவன். ஆராய்ச்சி பண்றது ஷாட் ஹோல் போரர்ன்னு ஒரு வண்டப் பத்தி. ரெண்டு ரெண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும், தேயிலை வாதுல ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை போட்டு உள்ள போயி குழாய் தோண்டும். இது மரத்த தின்னுறது இல்லைங்க, அதான் வேடிக்கை. வாய்க்குள்ள ஒரு பை வச்சிருக்கு, அதுல ஒரு பங்கசை (பூஞ்சை) கொண்டு வந்து குழாய்க்குள்ள வளத்து, தானும் தின்னு குஞ்சுக்கும் குடுக்கும், அதாவது அதுவும் ஒரு தோட்டம் நடத்துது, தொரை கங்காணி எல்லாம் அதுவேதான். அந்த வாது காத்துக்கோ கை பட்டோ சட்டுன்னு முறிஞ்சிடும். அம்மாவுக்கு பேப்பர் எல்லாம் வேணாம், "தொட்டா முறியுற மலை"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவாங்க.

சரி, சைட்டுக்கு வர்றேன். 2008ல ரெண்டு டொக்டர்மாரும் ஒரு கம்பியூட்டர்காரரும் சேந்து ஆரம்பிச்சது, இஜாத் மதிஷ்ன்னு ஒருத்தர்தான் முன்னுக்கு நின்னவரு, ஆபீஸ் ஜெர்மனியில பெர்லின்ல. பில் கேட்ஸ் எல்லாம் காசு போட்டிருக்காரு. இப்ப ரெண்டரைக் கோடி பேரு இருக்காங்கன்னு அவங்களே சொல்லிக்கிறாங்க. சேர காசு இல்ல, ஆனா கெம்பஸ் ஈமெயில் வேணும், இல்லாட்டி நீங்க எழுதின ஏதாவது வெளிவந்திருக்குன்னு காட்டணும், ஜிமெயில வச்சிக்கிட்டு பேஸ்புக்ல நுழையுற மாதிரி நுழைய முடியாது. கெம்பஸ் மெயில் பாஸ்வேர்ட மறந்தவங்க, எனக்குத் தெரிஞ்சு பாதிப் பேரு, மொதல்ல அத எடுத்துக்கிட்டு வாங்க.

உள்ள போனா பேஸ்புக் மாதிரி புரொபைல், போலோ பண்றது, யாரு வாசிச்சாங்க எத்தனை பேரு வாசிச்சாங்கன்னு நம்பர், கேள்வி பதில் பகுதி, வேலை விளம்பரம், எல்லாம் இருக்கு. இதுல எனக்கு உருப்படியா வேலை செஞ்சது ஒரே ஒரு பட்டன். பேப்பர் பக்கத்துல போனா பிடிஎஃப் இல்லாத இடத்துல "முழுசா வேணும்"ன்னு கேக்குறதுக்கு ஒரு பட்டன் இருக்கும், அத அமத்தினா எழுதினவருக்கு செய்தி போகும், அவரு விரும்பினா உங்களுக்கு மட்டும் தனியா அனுப்பலாம். அவ்வளவுதான். இதுக்கா ஒரு ரிவியூன்னு கேப்பீங்க. இதுக்குத்தான்.

ஏன்னா இதே வேலைய ஈமெயில்லயும் செய்யலாம், பேப்பர் மொதல் பக்கத்துலயே எழுதினவரு ஈமெயில் போட்டிருக்கும், வெள்ளைக்காரப் பிள்ளைங்க சாதாரணமா ரெண்டு வரி எழுதிக் கேட்டு வாங்கிடுவாங்க. நான் கேக்கலையே. நாலு நாள் ஒரு ஈமெயில் எழுதினேங்க. மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்குன்னு தொடங்கி, நான் யாரு, எங்க இருந்து, எனக்கு ஏன் வேணும், தொந்தரவுக்கு மன்னிக்கணும்னு இங்கிலீஷ்ல ஒரு பக்கம், கிராமர் பாத்து பாத்து திருத்தி, கடைசில அனுப்பவே இல்ல, இன்னும் டிராப்ட்லதான் கிடக்கு. இது இங்கிலீஷ் பிரச்சினை மட்டும் இல்ல. நம்ம ஆக்களுக்கு ஒருத்தருகிட்ட போயி ஒண்ணு கேக்குறதுன்னா தோட்டத்து ஆபீஸ் ஜன்னல்தான் ஞாபகத்துக்கு வரும். தாத்தா அந்த ஜன்னல்ல ஒரு துண்டுக்காக காலையில இருந்து நின்ன கதைய சொல்லுவாரு, உள்ள இருக்கிறவரு தலை நிமிர்ற வரைக்கும் இவரு இருமக்கூட மாட்டாராம். அந்த இருமல் எனக்கும் தொண்டையிலயே நிக்குது போல.

பட்டன்ல அந்த வெக்கம் இல்ல. அது ஏற்கனவே அங்க இருக்கு, அமத்துறதுக்குத்தான் வச்சிருக்காங்க, எல்லாரும் அமத்துறாங்க. நானும் அமத்தினேன். மூணாவது நாள், பதுளை பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறேன், போன் டிங்குன்னுச்சு, பிடிஎஃப், கூட ரெண்டு வரி: இந்தா பேப்பர், உங்க ஊர்ல எந்த உயரத்துல வேலை செய்றீங்க, டேட்டா இருந்தா பாக்க ஆசைன்னு. நான் ஒரு பக்கம் எழுதி அனுப்பாம விட்டவருதான் அது. அந்தப் பஸ்ஸ விட்டுட்டேன்.

அதுக்குப் பிறகு நெறைய அமத்தியாச்சு. பாதிக்கு மேல வந்திருக்கு, சிலது ஒரே நாள்ல, சிலது ஆறு மாசம் கழிச்சு நான் மறந்தே போன பிறகு.

ஆனா ஒரு விசயம், பழைய பேப்பருக்கு இது வேலைக்கு ஆகாது. நம்ம வண்டப் பத்தி இந்த நாட்டுல நல்ல வேலை நடந்தது நம்ம தாத்தாமார் காலத்துல, எழுதினவங்க பலபேரு இப்ப இல்ல, இல்லாதவங்களுக்கு ஏது எக்கவுண்ட். பேப்பர் பேரு மட்டும் அங்க இருக்கும், பட்டனும் இருக்கும், அமத்தினா அது எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும். அதுக்கெல்லாம் தலவாக்கலைதான். அங்க செயின்ட் கூம்ஸ் தோட்டத்துல தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1925ல தொடங்கினது, அவங்களோட பழைய சஞ்சிகை டீ குவாட்டர்லி எல்லாம் வேணும்னா பஸ் ஏறுங்க, பசறையில இருந்து பதுளை, பண்டாரவளை, நுவரெலியான்னு மாறி மாறிப் போயி சேர்றதுக்குள்ள இடுப்பு கழண்டுடும், ஆனா அந்தப் பழுப்புத் தாளுல கிடைக்கிறது எந்த நெட்வொர்க்லயும் கிடைக்காது.

அடுத்தது பேரு பிரச்சினை. இது நம்மளுக்கு ஸ்பெஷல். என்னோட பொறப்பு சர்ட்டிபிக்கெட்ல ஒரு ஸ்பெல்லிங், அடையாள அட்டையில ஒண்ணு, ஏஎல் சர்ட்டிபிக்கெட்ல ஒண்ணு, தோட்டத்துல அந்தக் காலத்துல பதிஞ்சவரு காதுல விழுந்தத சிங்களத்துல எழுதி, அத இன்னொருத்தரு இங்கிலீஷ்ல எழுதினது. அப்பா பேரு மொதல் எழுத்தா முன்னாடி வேற. வெளிநாட்டுக்காரங்க சிஸ்டம் எல்லாம் கடைசில வர்றதுதான் குடும்பப் பேருன்னு நினைச்சிக்கிட்டு இருக்கு. ரிசேர்ச்கேட் "இந்தப் பேப்பர் எழுதினது நீங்களா"ன்னு கேக்கும், மொதல் எழுத்தும் பேரும் ஒத்துப்போனா போதும், தமிழ்நாட்டுல எலும்பு ஒப்பரேசன் பத்தி எழுதினவரு பேப்பர் எல்லாம் முன்னுக்கு வந்து நிக்கும். ஆசைப்பட்டு ஆமான்னு அமத்திடாதீங்க, எங்க பெட்ச்ல ஒருத்தன் அமத்திட்டான், ஒரு வாரம் அவன் எலும்பு டொக்டர். இதுக்கு மருந்து ஓர்கிட் (ORCID). 2012ல வந்தது, காசு இல்ல, பதினாறு இலக்கத்துல ஒரு நம்பர் தருவாங்க, பேரு எப்படி மாறினாலும் கல்யாணத்துக்குப் பிறகு மாத்தினாலும் அந்த நம்பர் உங்களோடதுதான். ரிசேர்ச்கேட் தொறக்குறதுக்கு முன்னாடியே அத எடுங்க. உண்மைய சொன்னா இந்த ரிவியூல வர்ற எல்லாத்துலயும் அதுக்குத்தான் நான் அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன், ரிசேர்ச்கேட்டுக்கு மூணரை.

மிச்ச ஒன்றரை எங்க போச்சுன்னா, நம்பர் வெறியில. இத்தனை பேரு வாசிச்சாங்க, இந்த வாரம் உங்க டிப்பார்ட்மென்ட்ல நீங்கதான் கூட, வாழ்த்துக்கள், இப்படி. மொத வாரம் நல்லாத்தான் இருக்கும், பிறகு பரீட்சை ரிசல்ட் பாக்குற மாதிரி தினமும் பாக்கத் தோணும், செட்டிங்ஸ்ல போயி மெயில் எல்லாத்தையும் நிப்பாட்டிடுங்க, பேப்பர் கேட்டு வர்றத மட்டும் விடுங்க. முந்தி ஆர்ஜி ஸ்கோர்ன்னு ஒவ்வொருத்தர் தலையிலயும் ஒரு மார்க் போட்டு வச்சிருந்தாங்க, எப்படிக் கணக்குப் பாக்குறாங்கன்னு வெளிய யாருக்கும் ஒழுங்கா புரியல, கேள்விக்கு பதில் சொல்லியே அத ஏத்தலாம்னு ஆக்கள் காட்டினாங்க, கடைசில 2022ல அவங்களே எடுத்துட்டாங்க. எங்க சீனியர் ஒருத்தர் இன்னும் பழைய சீவியில அந்த மார்க்க வச்சிருக்காரு, நான் ஒண்ணும் சொல்லல.

இன்னொண்ணு வழக்கு. இது தெரியாமத்தான் நெறைய பேரு தங்களோட பேப்பர தூக்கிப் போடுறாங்க. ஜேர்னல்ல வந்த பேப்பருக்கு பெரும்பாலும் உரிமை நம்மகிட்ட இருக்காது, கையெழுத்து போட்டு குடுத்திருப்போம். 2017ல எல்செவியர்ன்ற ஜேர்னல் கம்பெனியும் அமெரிக்க இரசாயனச் சங்கமும் சேந்து ஜெர்மனியில கோர்ட்டுக்குப் போனாங்க, எங்க பேப்பர் எல்லாம் இங்க கிடக்குன்னு, 2023லதான் சமாதானம் ஆச்சு. அதனால ஜேர்னல் அச்சடிச்ச அழகான பிடிஎஃப பொதுவுல போடுறதுக்கு முன்னாடி அந்த ஜேர்னல் என்ன சொல்லுதுன்னு பாருங்க, பல ஜேர்னல் நீங்க வேர்ட்ல அடிச்ச கடைசி வடிவத்த சில இடத்துல போட விடும். கேக்குற ஒருத்தருக்கு தனியா அனுப்புறதுன்றது அந்தக் காலத்துல தபால்ல ரீப்பிரின்ட் அனுப்பின மாதிரித்தான், போஸ்ட்காட்ல கேப்பாங்களாம், எங்க மேடம் இன்னும் ஒரு டப்பா நெறைய அந்தக் காட்டுங்க வச்சிருக்காங்க, முத்திரை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாடு.

மத்த சைட் எல்லாம் எப்படின்னு கேப்பீங்க. அகடெமியா, பேருல இருக்குற .edu வால பாத்து ஏதோ யுனிவர்சிட்டின்னு நினைச்சிடாதீங்க, அதுவும் கம்பெனிதான், அந்தப் பேர கட்டுப்பாடு வர்றதுக்கு முன்னாடியே 1999ல பதிஞ்சிருந்ததால தப்பிச்சுது, நெறைய விசயம் காசு கட்டினாத்தான், சரித்திரம் இலக்கியம் படிக்கிறவங்களுக்கு அங்க ஆள் கூட. கூகுள் ஸ்கொலர் புரொபைல் ஒண்ணு வச்சிக்கோங்க, அஞ்சு நிமிசம், அதுல பேச்சு வார்த்தை ஒண்ணும் இல்ல, அதுவே நிம்மதி.

ட்விட்டர், இப்ப எக்ஸ், அது வேற உலகம். பேப்பர் வேணும்னா ஒரு ஹேஷ்டேக் போட்டு கேக்குற பழக்கம் அங்கதான் ஓடிச்சு. 2020 ஜனவரியில கொரோனா வைரசோட மரபணு வரிசை மொத மொத வெளிய வந்தப்ப, சீனாவுல எடுத்தத எட்வர்ட் ஹோம்ஸ்ன்னு ஒஸ்ட்ரேலியாவுல இருக்குற விஞ்ஞானி ஒரு சைட்ல போட்டுட்டு ட்விட்டர்லதான் அறிவிச்சாரு, ஜேர்னல்ல வர்ற வரைக்கும் யாரும் காத்துக்கிட்டு இருக்கல, அத வச்சித்தான் டெஸ்ட் செய்ற வேலையே ஓடத் தொடங்கிச்சு. அதுக்கு பத்து வருசத்துக்கு முன்னாடி, 2010ல, பொஸ்பரசுக்குப் பதிலா ஆர்செனிக்க வச்சு வாழுற பக்டீரியான்னு நாசா கொட்டி முழக்கின பேப்பர, ரோசி ரெட்பீல்ட்ன்னு ஒரு விஞ்ஞானி அம்மா தன்னோட வலைப்பதிவுல போட்டு கிழி கிழின்னு கிழிச்சாங்க, அந்தப் பேப்பர சயன்ஸ் ஜேர்னல் வாபஸ் வாங்கினது 2025லதான், பாருங்க எது வேகம்னு. ஆனா நம்மள மாதிரி புதுசா வர்றவங்களுக்கு அந்த சண்டையில ஒரு மூலையில நின்னு பாக்குறதே போதும். இப்ப கொஞ்சப் பேரு புளூஸ்கைக்கு வீடு மாறிட்டாங்க, வண்டுக்காரங்க பாதி இங்க பாதி அங்க, ரெண்டு லயத்துலயும் போயி எட்டிப் பாக்க வேண்டியிருக்கு.

2014ல நேச்சர் சஞ்சிகை 95 நாட்டுல 3500 பேருக்கு மேல இதப் பத்தி கேட்டுச்சு. ரிசேர்ச்கேட் பாவிக்கிறவங்க கூடுதலா சொன்னது என்ன தெரியுமா, யாராவது தேடி வந்தா கண்டுபிடிக்கட்டும்னு சும்மா ஒரு புரொபைல் வச்சிருக்கோம்னு. சிரிப்பா இருந்துச்சு, ஆனா யோசிச்சா அதுதான் சரி. வாசல்ல ஒரு போர்ட்.

ஒரு எச்சரிக்கை, புரொபைல்ல ஈமெயில் தெரியுற மாதிரி வச்சாலோ பேப்பர் ஒண்ணு வெளிய வந்தாலோ மெயில் வரத் தொடங்கும். மதிப்பு மிக்க பேராசிரியரேன்னு தொடங்கும், நான் எம்பில் மொத வருசம். எங்க ஜேர்னல்ல எழுதுங்க, ஏழே நாள்ல வந்துடும், இருநூறு டொலர்தான்னு. கூட்டாளி ஒருத்தன் நம்பி அக்காவோட செயின அடகு வச்சு கட்டினான், பேப்பர் ஏழு நாள்ல வந்தது உண்மை, ஆறு மாசத்துல அந்த ஜேர்னல் சைட்டே இல்ல, பேப்பரும் இல்ல, செயின மீட்டது அடுத்த தீவாளிக்குத்தான். பேர் தெரியாத ஜேர்னல் புகழ்ந்து கூப்பிட்டா சுப்பர்வைசர்கிட்ட காட்டாம ஒரு ரூபா கட்டாதீங்க.

கேள்வி பதில் பகுதி அரைகுறை. நல்ல கேள்விக்கு அந்தத் துறையிலயே பெரிய ஆளு வந்து பதில் சொன்னதயும் பாத்திருக்கேன், கூகுள்ல தேடி ஒட்டினதயும் பாத்திருக்கேன். கேக்கும்போது எந்த வண்டு, எந்தச் செடி, எத்தனை டிகிரியில வச்சீங்கன்னு எழுதினா ஆள் வரும், "ஹெல்ப் மீ அர்ஜன்ட்"ன்னு போட்டா வராது.

இப்ப கடைசி கதை, இதுதான் என்னைய மூணுல இருந்து மூணரைக்கு ஏத்த வச்சது. நான் ஒரு மாநாட்டுல வாசிச்ச ஒரு பக்க சுருக்கத்த மேடம்கிட்ட கேட்டுட்டு ரிசேர்ச்கேட்ல போட்டு வச்சேன். நாலு பேரு வாசிச்சதா காட்டிச்சு, அதுல ரெண்டு நான்தான்னு நினைக்கிறேன். ஏழெட்டு மாசம் கழிச்சு தென்னாபிரிக்காவுல இருந்து ஒரு மாணவி செய்தி அனுப்பியிருக்கா. நம்ம வண்டோட கூட்டம்தான் அங்கயும், 2017ல பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊர் பொட்டானிக்கல் கார்டன்ல கண்டுபிடிச்சாங்க, அதாங்க 1893ல காந்திய ரயில்ல இருந்து எறக்கி விட்டாங்களே அதே ஊரு, இப்ப அந்த நாட்டுல பல ஊர்ல ரோட்டோரத்து மரத்த எல்லாம் சாய்க்குது. 2018, 19ல வந்த பேப்பருங்கள்ல இத்தனை காலம் ஒரே வண்டுன்னு நினைச்சது நாலு வகைன்னு பிரிச்சிட்டாங்க, அதனால எந்த ஊர்ல எது இருக்குன்னு திரும்ப முதல்ல இருந்து பாக்குறாங்க. 1868ல இந்த வண்டுக்கு மொத மொத பேர் வச்சதே இங்க இருந்து போனத பாத்துத்தான், லூல்கந்துரவில ஜேம்ஸ் டெய்லர் இந்த நாட்டோட மொத தேயிலைத் தோட்டத்த 19 ஏக்கர்ல வச்சு ஒரே வருசம் ஆகியிருந்த நேரம். அப்ப அது தேயிலைய நம்பி வாழல, வேற எதுலயோ இருந்திருக்கு. அந்தப் புள்ள கேட்டது இதுதான்: உங்க தேயிலை பக்கத்துல ஆமணக்குச் செடி இருக்கா, அதுலயும் ஓட்டை இருக்கான்னு பாத்துச் சொல்ல முடியுமா.

கேட்டதுலயே தெரிஞ்சுது, நாலு தடவை எழுதி அழிச்சிருக்கா. தொந்தரவுக்கு மன்னிக்கணும்னு ரெண்டு இடத்துல போட்டிருந்தா.

லயத்துக்குப் பின்னாடி கான் ஓரமா ஆமணக்கு எக்கச்சக்கம், நான் ரெண்டு வருசமா அதத் தாண்டித்தான் மலைக்குப் போறேன், ஒரு நாள் குனிஞ்சு பாத்தது இல்ல. ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட சொன்னேன். "இதுக்கா இவ்வளவு நேரம் போன நோண்டுன"ன்னு கவ்வாத்துக் கத்திய எடுத்துக்கிட்டு முன்னாடி நடந்தாங்க, ஒரு மூத்த தண்ட வளைச்சு படக்குன்னு முறிச்சு என் மூஞ்சிக்கு நேர நீட்டினாங்க. பென்சில் முனை அளவுக்கு ஓட்டை, ஒண்ணு இல்ல, ஏழு. உள்ள குழாய் கறுத்துப் போயி, அதுல ஒண்ணு இன்னும் நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஸ்கேலுக்கு ஒரு ரெண்டு ரூபா குத்திய பக்கத்துல வச்சு போட்டோ எடுத்தேன், அம்மா பெருவிரல் பாதி விழுந்திருச்சு, கொழுந்துக் கறை புடிச்ச நகம். வெட்டாம அப்படியே அனுப்பினேன். லயத்துல சிக்னல் ஒரு கோடுதான், கோயில் மேட்டுக்கு ஏறிப் போயி நின்னு, பத்து நிமிசம் சுத்திக்கிட்டு இருந்து போச்சு.

மறுநாள் பதில் வந்திருக்கு. வண்டுக்கு நன்றி சொல்லிட்டு, போட்டோவுல இருக்குறவங்க பேரையும் நன்றி சொல்ற இடத்துல போடலாமா, எப்படி ஸ்பெல் பண்ணணும்னு கேட்டிருந்தா. அம்மாகிட்ட கேட்டேன், எந்த ஸ்பெல்லிங் அம்மா, ஐடென்டி காட்ல இருக்குறதா, தோட்டத்துச் சம்பளப் பதிவு செக்ரோல்ல இருக்குறதான்னு. இன்னும் யோசிச்சிக்கிட்டு இருக்காங்க.